மூன்றாம் வருஷத்து அலகு

பல் மருத்துவகத்திலிருந்து போன் வந்தபோது செல்வா, செனாயில் வேலை பார்க்கும் ஃபேக்டரியின் கேண்டீனில் மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பேசிய பெண் மலாயில் அவன் பெயரைச் சரிபார்த்துவிட்டு, பல்லுக்குக் கம்பி போட அவனுடைய முறை வந்துவிட்டது, ஜொகூர் பாருவுக்கு வரமுடியுமா என்று கேட்டாள். வராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்பதையும் சொன்னாள்.

அரசாங்க மருத்துவகத்தில் பெயர் பதிந்து பல வருஷம் ஆகியிருந்தது. அவன் அதை மறந்தே போயிருந்தான். உடனே வருகிறேன் என்றான்.

எதிரில் உட்கார்ந்திருந்த ரூபேந்திரன், "யாருடா?" என்றான். இருவரும் ஒரே லைனில் டெக்னீஷியன்கள்.

"பல் டாக்டர். கம்பி போட கூப்புடுறாங்க."

"இந்த வயசுலயா? ஸ்கூல் பிள்ள மாதிரி இருப்ப லா."

செல்வா சிரித்தான். சிரிக்கும்போது மேலுதட்டை இறக்கிப் பற்களை மூடிக்கொள்வது அவனுடைய பழக்கம். மேல்வரிசையின் முன்பற்கள் நீண்டு கீழே தொங்கின. எல்லாருக்கும் தெரிந்தது அதுதான். யாருக்கும் தெரியாதது, வாயை மூடும்போது கீழ்ப்பற்கள் நேராக மேலே போய் அண்ணத்தில் குத்துவது. அந்த இடத்தில் எப்போதும் ஒரு புண் இருந்தது. கொஞ்சம் ஆறும், கடினமாக எதையாவது கடித்தால் மறுபடி கிழியும். காலையில் பல் துலக்கித் துப்பும்போது நுரையில் சிவப்பு கலந்திருக்கும். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று சின்ன வயதில் நினைத்தான். அப்படியில்லை என்று தெரிந்த பிறகு சொல்லத் தோன்றவில்லை. அப்பா இறந்துபோயிருந்தார். அம்மா அங்கம்மா காலையில் தடிகா என்கிற பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சமைத்து, மாலையில் இன்னொரு வீட்டில் சமைத்து, அவனையும் அக்காவையும் வளர்த்துக்கொண்டிருந்தாள். வாய்ப்புண்ணைப் பற்றியெல்லாம் அவளிடம் பேச அவனுக்கு மனம் வரவில்லை.

முதல் இரண்டு முறை படமெடுத்து, அச்செடுத்து, பல்லைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். தைப்பூசம் முடிந்த வாரத்தில் கம்பி போட்டார்கள். போட்டவர் டாக்டர் நஜ்வா. குளுவாங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அவன் பெயரைப் பார்த்ததுமே தமிழில் பேசத் தொடங்கிவிட்டார்.

"உங்களுக்கு அழகுக்காக இத போடல," என்றார். "கீழ்ப்பல்லு அண்ணத்த தோண்டிக்கிட்டு இருக்கு. இப்படியே விட்டா முன்பல்லோட வேர் போயிடும். வலிக்கலையா இத்தன வருஷமா?"

"பழகிடுச்சு டாக்டர்."

அவர் வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு பல்லிலும் சின்னச் சதுரமாக ஒன்றை ஒட்டி, அவற்றின் வழியே கம்பியைச் செலுத்திக் கட்டினார். கடைசியில் இரண்டு பின்பற்களின் மேல் நீல நிறத்தில் சிறு மேடு வைத்தார். வாயை மூடினால் அந்த மேடுகள் மட்டும்தான் முட்டும், கீழ்ப்பல் இனி அண்ணத்தைத் தொடாது என்றார். கெட்டியானது, ஒட்டிக்கொள்வது, ஐஸ் எதுவும் கூடாது, ஒவ்வொரு தடவை சாப்பிட்ட பிறகும் துலக்கவேண்டும் என்று சொல்லி, இடுக்கில் விட்டுத் தேய்க்க ஒரு குட்டி பிரஷ்ஷும், கம்பி குத்தினால் அப்பிக்கொள்ள மெழுகும் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே வலி தொடங்கியது. எல்லாப் பற்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நகர்வதுபோல இருந்தது. அங்கம்மா அவனுக்குப் பிடித்த கோழிப் பிரட்டல் செய்திருந்தாள். அவன் ஒரு துண்டை வாயில் வைத்து, அந்த நீல மேடுகளால் அதை என்ன செய்வதென்று தெரியாமல், மெதுவாக எடுத்துத் தட்டில் வைத்தான்.

"என்னடா, காரமா?"

"மெல்ல முடியலம்மா."

அவள் எழுந்து போய்ச் சோற்றைக் குழைத்து, ரசம் ஊற்றிப் பிசைந்து கொண்டுவந்தாள். அடுத்த நாளிலிருந்து வீட்டில் கஞ்சி, அவித்த பூசணி, மசித்த பருப்பு, சோயா தவ்பூ என்று ஆகிவிட்டது. தடிகாவில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் செய்வதையே இவனுக்கும் கொஞ்சம் எடுத்து வைத்துவிடுவதாக அவள் அக்காவிடம் போனில் சொல்லிச் சிரித்தது செல்வாவின் காதில் விழுந்தது.

ஃபேக்டரியில் வேலை நேரத்தில் முகக்கவசம் போட்டிருப்பார்கள் என்பதால் பிரச்சினையில்லை. சாப்பாட்டு நேரம்தான் சங்கடம். மற்றவர்கள் புகைபிடிக்கப் போகும்போது அவன் கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று, கம்பிக்கு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை என்று துலக்குவான். குட்டி பிரஷ்ஷை ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு எடுப்பான். ஒரு நாள் கம்பியின் நுனி கன்னத்தில் குத்திப் புண்ணாக்கிவிட்டது. மெழுகை உருட்டி அந்த நுனியில் அப்பினான். உப்புத்தண்ணீரில் கொப்பளித்தான். இரண்டாவது வாரம் வலி குறைந்தது. நாக்கும் உதடும் புதிய இரும்புக்குப் பழகிக்கொண்டன.

ஒரு காலையில் துலக்கித் துப்பியபோது நுரை வெள்ளையாக இருந்தது. அவன் குனிந்து மறுபடியும் பார்த்தான். இன்னொரு தடவை தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினான். அதிலும் சிவப்பு இல்லை. கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தால் அண்ணம் தெரியவில்லை. நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தான். எரியவில்லை. அவன் குழாயை மூடினான். இத்தனை வருஷமாக ஒரு வலியோடு இருந்திருக்கிறோம் என்பதே, அது போன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

அந்த வாரத்தில்தான் கனகராஜ் அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கூலாயில் செல்வா குடும்பம் போகும் முருகன் கோயிலில் பக்தர்களுக்கு அலகு குத்திவிடுவது அவர்தான். பங்குனி உத்திரத்துக்கு அலகு எடுப்பவர்கள் பெயர் கொடுக்கும்படி குழுவில் போட்டிருந்தார். அங்கம்மாவுக்கும் அது போயிருந்தது. அவள் போனைக் கையில் பிடித்தபடி சமையலறையிலிருந்து வந்து அவன் வாயையே பார்த்தாள்.

"செல்வா. அலகு எப்படிடா குத்துவ?"

அவன் அதை யோசிக்காமல் இல்லை. யோசித்து, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கம்மாவின் கர்ப்பப்பையில் கட்டி இருப்பதாகச் சொல்லி அறுவைசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். எந்த வகைக் கட்டி என்று அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். அவளைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோகும்போது செல்வா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "முருகா, எங்கம்மாவ திருப்பி குடுத்துடு, மூணு வருஷம் வாயில அலகு குத்தி வர்றேன்" என்று சத்தமாகவே சொன்னான். அது அவள் காதில் விழுந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கட்டி கெட்டதில்லை என்று முடிவு வந்தது. முதல் வருஷமும் இரண்டாம் வருஷமும் அவன் இரண்டு கன்னத்தையும் துளைத்து வேல் குத்திக்கொண்டு நடந்தான். இது மூன்றாவது.

"டாக்டர கேட்டுட்டு சொல்றேன்மா," என்றான்.

"கேளு. நேர்ந்துக்கிட்டது லேசான விஷயமில்ல. நான் இப்படி நடமாடுறதே அதுனாலதான்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு போனில் சிரித்துப் பேசும் சத்தம் வீட்டில் கேட்கவில்லை.

அடுத்த தவணைக்குப் போனபோது செல்வா கேட்டான். டாக்டர் நஜ்வா நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். பிறகு ஒரு மரக்குச்சியை எடுத்து அவன் வாயில் குறுக்காக வைத்து, கடிக்கச் சொல்லி, கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார்.

"பாருங்க. வேல் கம்பி இங்கதான வரும்? நேரா பிரேஸஸ் மேல உக்காருது. நடந்து, ஆடி, வெயில்ல போகும்போது இது ஒட்டின சதுரத்துல நாலஞ்ச பிடுங்கிடும். பிடுங்கினது தொண்டைக்குள்ள போச்சுன்னா வெளிய இருக்கிறவங்களுக்கு தெரியாது. வாய்ல வேல் இருக்கிறதால உங்களாலயும் சொல்ல முடியாது."

"மெழுகு வச்சுக்கிட்டா?"

"மெழுகு அதுக்கு பத்தாது." அவர் குச்சியை எடுத்துக் குப்பையில் போட்டார். "சாமி விஷயத்துல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எங்க வீட்லயும் நேர்ச்சை எல்லாம் உண்டு, எனக்கு புரியும். டாக்டரா கேட்டா, வேணாம்னு சொல்வேன். இல்ல, கண்டிப்பா செய்யணும்னா கழட்டிட சொல்லுங்க, கழட்டிடுறேன். ஆனா மறுபடி போடணும்னா புதுசா பேர் பதிஞ்சு காத்திருக்கணும். அதுக்குள்ள அண்ணம் பழையபடி ஆகிடும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அவன் வெளியே வந்தான். வீட்டில் போய், "வேணாங்குறாங்கம்மா" என்று மட்டும் சொன்னான். அங்கம்மா தலையாட்டினாள்.  அவளுடைய விரதம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. காலையில் பால் சேர்க்காத வெறும் கோப்பி ஓ, இரவில் ஒரு வேளைச் சாப்பாடு. அதையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

குளுவாங்கிலிருந்து அக்கா யோகேஸ்வரி அந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள்.

"அம்மா உங்கிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"எத பத்தி?"

"சொல்லலைல்ல. எனக்கு தெரியும். வயிறு வலிக்குதாம்டா. முன்னாடி வந்த மாதிரியே. ரெண்டு வாரமா இருக்காம். எங்கிட்டயும் சொல்லல, நான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். ஆஸ்பத்திரிக்கு போலாம்னா வேணாங்குறாங்க. போன தடவ செக்கப்புக்கும் போகலையாம். மூணாவது வருஷம் நேத்திக்கடன் நிக்கப்போகுது, அதான் வருதுன்னு சொல்றாங்க."

செல்வா போனை வைத்துவிட்டுப் படுக்கையில் உட்கார்ந்தான். சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். அவள் ஒரு கையால் தட்டைத் தேய்த்துக்கொண்டு, மறுகையால் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தாள். அவன் பார்ப்பது தெரிந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தோன்றியது. பல்லுக்காக அம்மாவின் மனதை நோகடித்து என்ன ஆகப்போகிறது. இத்தனை வருஷம் இருந்த வாய்தானே.

"அம்மா, செவ்வாய்க்கிழம லீவு போட்டிருக்கேன். கம்பிய கழட்டிட்டு வந்துடுறேன். கனகராஜ் அண்ணங்கிட்ட பேர் குடுத்துடுங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று அவன் நினைத்தான். அவள் முகத்தில் அது தெரியவில்லை.

"நானும் வர்றேன்," என்றாள்.

"நீங்க எதுக்கு? வெயில்ல."

"வர்றேன்டா. டாக்டர் திட்டுவாங்க. என்னாலதான்னு சொல்லணும்ல."

செவ்வாய்க்கிழமை இருவரும் காரில் போனார்கள். நெடுஞ்சாலையில் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.  மருத்துவகத்தில் பெயரைக் கூப்பிட்டதும் அங்கம்மாவும் எழுந்து கூடவே உள்ளே போனாள். டாக்டர் நஜ்வா அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

"கழட்டிடுங்க டாக்டர்," என்றான் செல்வா.

"முடிவு பண்ணிட்டீங்களா?"

"ஆமா."

அங்கம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு பேசினாள். "அவன் மேல தப்பு இல்லம்மா. எனக்காக நேர்ந்துக்கிட்டான். எனக்குத்தான் பயமா இருக்கு. நீங்க கோவிச்சுக்காதீங்க."

"நான் எதுக்கும்மா கோவிச்சுக்கப் போறேன். அவங்க வாய், அவங்க முடிவு." டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு, செல்வாவைச் சாய்த்துப் படுக்கவைத்தார். விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நல்லா ஆறியிருக்கு செல்வா," என்றார் மெதுவாக.

"எது?" என்றாள் அங்கம்மா.

"அண்ணத்துல இருந்த புண்ணு."

"என்ன புண்ணு?"

டாக்டர் செல்வாவைப் பார்த்தார். செல்வா மேலே கூரையைப் பார்த்தான். வாய் திறந்திருந்ததால் அவனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "அம்மாவுக்கு காட்டலாமா?" என்று அவனிடம் கேட்டார். அவன் சரி என்று தலையசைத்தான்.

கணினித் திரையில் ஒரு படம் வந்தது. முதல் வருகையில் எடுத்தது. முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில், கீழ்ப்பற்களின் தடம் அப்படியே பதிந்து, சதை சிவந்து பிளந்திருந்தது. இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

"இது யாரோடது?" என்றாள் அங்கம்மா.

"இவங்களோடதுதான்மா. கீழ்ப்பல்லு மேல குத்திக் குத்தி ஆனது. இன்னிக்கு நேத்து ஆனதில்ல, ரொம்ப வருஷமா இருந்திருக்கு. இப்ப இங்க வந்து பாருங்க."

அங்கம்மா எழுந்து பக்கத்தில் வந்தாள். டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடியை அவன் வாய்க்குள் வைத்து விளக்கைத் திருப்பினார். குனிந்து பார்த்தாள். அந்த இடம் இளஞ்சிவப்பாக, மழமழவென்று மூடியிருந்தது. பிறந்த பிள்ளையின் வாயைப் பார்ப்பதுபோல அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இதோடயாடா சாப்பிட்ட இத்தன வருஷமும்?" என்றாள். "முறுக்கு சுட்டுக் குடுத்தேன். கருவாடு பொரிச்சுக் குடுத்தேன். ஒரு வார்த்த சொல்லலையே."

டாக்டர் கண்ணாடியை எடுத்தார். செல்வா எழுந்து உட்கார்ந்தான். "நீங்க அப்ப ரெண்டு எடத்துல சமைச்சுக்கிட்டு இருந்தீங்க. இதையும் எதுக்கு சொல்லணும்னு விட்டுட்டேன்மா. அப்புறம் பழகிடுச்சு."

அங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு டாக்டரிடம் திரும்பினாள். 

"கழட்ட வேணாம்மா. இது இப்படியே இருக்கட்டும்."

"அம்மா," என்றான் செல்வா.

"நீ சும்மா இரு. ஆறின புண்ண மறுபடி கிழிச்சுக்கிட்டு வாடான்னு முருகன் கேக்க மாட்டான். கேட்டா நான் பேசிக்கிறேன்."

டாக்டர் நஜ்வா சிரித்துவிட்டார். வந்ததற்கு வேலை ஏதாவது செய்யவேண்டும் என்று சொல்லி, நீட்டிக்கொண்டிருந்த கம்பியின் நுனியை வெட்டிச் சரிசெய்து, கீழ்வரிசையில் நன்றாகத் துலக்காமல் விட்டிருந்த ஒரு இடத்தைக் காட்டிக் கண்டித்து அனுப்பினார்.

காரில் ஏறியதும் செல்வா வண்டியைக் கிளப்பவில்லை.

"இப்ப நேத்திக்கடன் என்ன ஆகுது?"

"யாருக்காக நேர்ந்துக்கிட்ட? எனக்காகத்தான. நான் பால்குடம் எடுக்குறேன். எனக்கு கால் இருக்குல்ல. ரெண்டு வருஷமா நீ வாயில ரத்தத்தோட முன்னாடி நடக்குற, நான் பின்னாடி அழுதுக்கிட்டு வர்றேன். எனக்கு அதுவும் பிடிக்கல, தெரியுமா? சொன்னா சாமி குத்தம்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

செல்வா அவளைப் பார்த்தான். அலகு குத்தும் நாள் நெருங்க நெருங்கத் தனக்கும் தூக்கம் கெட்டுப்போகும் என்பதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. ஆனால் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல இருந்தது.

"சரி. பால்குடம் நீங்க எடுங்க. ஆனா இப்ப வீட்டுக்கு போகல."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. அக்கா எல்லாம் சொல்லிடுச்சு. என் வாய பாத்தீங்கல்ல, உங்க வயித்த நான் பாக்கணும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. உத்திரம் முடியட்டும்."

"நான் பழகிடுச்சுன்னு சொன்னதுக்கு அழுதீங்க. இப்ப நீங்க ஒண்ணுமில்லைங்கிறீங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் வண்டியை எடுத்தான்.

அன்று ஆஸ்பத்திரியில் வயிற்றை அழுத்திப் பார்த்து ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனுக்கு வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். இடையில் இருந்த நாட்களில் இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை. அங்கம்மா வேலைக்குப் போய்வந்தாள், துணி துவைத்தாள், சாமி விளக்கை இருமுறை துலக்கினாள். செல்வா ஃபேக்டரியில் ஒரு மெஷினின் அளவைத் தவறாக வைத்துச் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினான். "போய் முகத்த கழுவிட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்று ரூபேந்திரன் அவன் வேலையையும் சேர்த்துப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை யோகேஸ்வரியும் குளுவாங்கிலிருந்து வந்துவிட்டாள். ஸ்கேன் அறைக்கு வெளியே அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். யோகேஸ்வரி கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். செல்வா நாக்கால் கம்பியை ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு வருடிக்கொண்டே இருந்தான்.

கதவு திறந்தது. முதலில் அம்மா வந்தாள். அவள் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. பின்னாலேயே டாக்டர் வந்தார். மலாய்க்காரர், வயதானவர், வார்த்தைகளை நிறுத்தி நிறுத்திப் பேசினார். அறுவைசிகிச்சை செய்த இடம் சுத்தமாக இருக்கிறது. புதிதாகக் கட்டி எதுவும் இல்லை. ரத்தப் பரிசோதனையிலும் சந்தேகப்பட ஒன்றுமில்லை. வலி குடலுக்கு மேலே, இரைப்பையிலிருந்து வருகிறது. வெறும் வயிற்றில் என்ன குடிக்கிறாள் என்று கேட்டார்.

"கோப்பி ஓ," என்றாள் யோகேஸ்வரி. "விரதம்னு காலைல வெறும் கோப்பி ஓ. சாயங்காலம் வரைக்கும்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாத்திரை எழுதினார். கோப்பியை நிறுத்தச் சொன்னார். விரதம் இருக்கலாம், ஆனால் மூன்று நேரமும் கொஞ்சமாவது சாப்பிடவேண்டும், கஞ்சிபோல மென்மையாகச் சாப்பிட்டால் நல்லது என்றார்.

"கஞ்சியா?" என்றாள் அங்கம்மா. "வீட்ல ஒரு சட்டி இருக்கு. இவனுக்கு வச்சது."

யோகேஸ்வரி சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டாள். செல்வா எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.  திரும்பி வந்தபோது அம்மா அக்காவின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள், நோயாளி அக்காதான் என்பதுபோல.

கனகராஜிடம் அங்கம்மாவே போனில் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் செல்வாவுக்கும் கேட்டது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தாராளமா எடுங்கக்கா," என்றார். "பல்லு சரியானப்புறம் அவனுக்கு தோணுச்சுன்னா வரட்டும், தோணலைன்னாலும் பரவால்ல. வாயில ஏற்கனவே கம்பி வச்சிருக்கிறவனுக்கு நான் எங்க போய் எடம் தேடுறது?"

பங்குனி உத்திரத்தன்று விடிவதற்குள்ளேயே கோயிலுக்குப் பக்கத்து ஆற்றங்கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. உறுமி மேளம் அதிர்ந்தது. மஞ்சள் சேலையில், ஈரத் தலையோடு, அங்கம்மா பால்குடத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றாள். சற்றுத் தள்ளி கனகராஜ் ஒரு பையனுடைய கன்னத்தில் விபூதியை அப்பி வேலைச் செலுத்திக்கொண்டிருந்தார். செல்வா அதைப் பார்த்தபடி நின்றான். போன வருஷம் தான் அந்த இடத்தில் நின்றது நினைவுக்கு வந்தது. ஏதோ ஒன்றை விட்டுவிட்டோமோ என்று ஒரு கணம் மனம் கனத்தது. அதற்குள் யோகேஸ்வரி, "டேய், குடத்த தூக்கி வை," என்றாள். அவன் ஓடிப்போய்க் குடத்தைத் தூக்கி அம்மாவின் தலையில் வைத்தான்.

அவள் நடந்தாள். செல்வா ஒரு பக்கமும் யோகேஸ்வரி மறுபக்கமும் போனார்கள். "வேல் வேல்" என்று கத்தும்போது செல்வாவின் உதடு கம்பியில் சிக்கி இழுத்தது. அவன் ஓரமாகத் திரும்பி அதை விடுவித்துக்கொண்டு மறுபடி கத்தினான். வெயில் ஏறியது. தார்ச்சாலை சுட்டது. தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்த சீனர் ஒருவர் குழாயால் சாலையை நனைத்து விட்டார். பாதி வழியில் அங்கம்மா நின்றாள். மூச்சு வாங்கியது.

"குடுங்கம்மா, கொஞ்ச தூரம் நான் தூக்கிட்டு வர்றேன்."

"வேணாம். என்னால முடியுது. சும்மா நின்னேன்."

அவள் சொன்னது உண்மைதான். சற்று நேரம் நின்றாள், மூச்சு அடங்கியதும் நடந்தாள். கோயில் வாசலில் மேளம் உச்சத்துக்குப் போனபோது அவள் நடையும் வேகம் எடுத்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தள்ளுகட்டிலில் கிடந்த உடம்பா இது என்று செல்வா நினைத்தான். பால் முருகன்மேல் வழிந்து இறங்குவதை மூன்று பேரும் ஒன்றாக நின்று பார்த்தார்கள்.

வெளியே வந்து அரசமரத்தடியில் உட்கார்ந்ததும் அங்கம்மா சொன்ன முதல் வார்த்தை, "பசிக்குதுடா."

பல வாரங்களாக அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர்கள் கேட்கவில்லை. யோகேஸ்வரி அன்னதான வரிசைக்கு ஓடினாள். வாழையிலையில் சோறும் சாம்பாரும் கூட்டும் பாயசமும் வந்தன. அங்கம்மா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். செல்வா சோற்றை நன்றாகக் குழைத்து, வடையைப் பாயசத்தில் ஊறப்போட்டு, அது இளகும்வரை காத்திருந்து, மெதுவாக மென்றான். பின்பற்கள் இப்போது ஓரளவு வேலை செய்யத் தொடங்கியிருந்தன.

"இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிட்டு வா," என்றாள் அங்கம்மா மகளிடம். "கூட்டும் வாங்கு. நல்லா இருக்கு."